எலிகளுக்குக் கட்டிய இரட்டைச் சுவர் வீடு

கண்ணாடிக் கடையில் அவனுக்குப் பெயர் நிதானம். முதலாளி வைத்தது. "அவசரம்னா வேற கடைக்குப் போங்க, சரியா வேணும்னா நம்ம நிதானத்துகிட்ட குடுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி, அது பெயராகவே ஒட்டிக்கொண்டது. கடையின் பின்னறையில் ஜன்னலோரம் அவன் உட்காருகிற இடம். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு ஓரம் தேய்த்து, பொருத்தி, திருகாணி முடுக்கித் தருவது அவன் வேலை. தேய்த்த ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பான். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்புகூட அந்த நகத்துக்குத் தெரிந்துவிடும். அவன் மாட்டிக் கொடுத்த லென்ஸ் கழன்று விழுந்தது என்று ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. இதைத் தற்பெருமையாக அவன் சொல்லமாட்டான், அவனைத் தெரிந்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

இத்தனை நிதானம் உள்ளவனுக்குக் குடும்பம் நிலைக்கவில்லை. சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இருவரும் நல்லவர்கள்தான், சேர்ந்து இருக்கத்தான் தெரியவில்லை. மகள் அம்மாவோடு போனாள். சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை அவள் அப்பாவுக்கு. அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் அவனுடைய மற்ற நாட்கள் சுழன்றன. சலவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறை. எப்போதும் சோப்பு நுரையின் வாசனை கீழேயிருந்து ஏறி வரும். மகள் அதை "அப்பா வீட்டு வாசனை" என்பாள்.

பத்தாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவள் நாய் கேட்கவில்லை, பூனை கேட்கவில்லை. எலி கேட்டாள். கூண்டில் வளர்க்கிற எலி, ஜோடியாக இரண்டு. அவன் வாங்கிவந்து வைத்ததைப் பார்த்து அவனுடைய அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டா, ஊரே எலிய வெரட்டப் பொறி வைக்குது. நீ அதுக்குப் படுக்கை விரிச்சு வச்சிருக்கியேடா!"

"கடிக்காதுக்கா. தொட்டுப் பாரு."

"நான் தொடறதா? லாட்ஜுல முப்பது ரூம் என் பொறுப்புல இருக்கு. எலி வளர்க்கற வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன்னு தெரிஞ்சா மேனேஜர் என்னையே மருந்தடிச்சு வெளிய நிறுத்திடுவான்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை இரண்டு அடி தள்ளி நின்றபடியே எட்டிப் பார்த்தாள். இரண்டுமே பெண். ஒன்று சுத்த வெள்ளை, எந்நேரமும் சுருண்டு தூங்கும். அதற்குப் பஞ்சு என்று பெயர். இன்னொன்றுக்குத் தலையும் தோளும் கறுப்பு, உடம்பு வெள்ளை. கூண்டின் ஒவ்வொரு மூலைக்கும் போய் நின்று, மூக்கை உயர்த்தி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வரும். அது மேஸ்திரி.

அந்த வருடக் குளிரில் மகளுக்கு ஒரு கவலை வந்தது. "ராத்திரில அதுங்களுக்குக் குளிருமேப்பா." கடைக்கு லென்ஸ் வந்து இறங்கும் மெல்லிய பலகைப் பெட்டிகள் அவனிடம் நிறைய இருந்தன. பள்ளி விடுமுறையில் அவளை வழக்கத்துக்கு மேலே சில நாட்கள் அவனிடம் விட்டிருந்தார்கள். அந்த நாட்களில் அப்பாவும் மகளுமாகப் பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு சின்ன வீடு கட்டினார்கள். சாய்ந்த கூரை, வட்ட வாசல். குளிர் தாங்கட்டும் என்று அவன் சுவரை இரட்டையாக வைத்தான். வெளிப்பலகைக்கும் உள்பலகைக்கும் நடுவே, உள்ளே நெளிநெளியாகக் குழாய் ஓடும் மடிப்பு அட்டையை வெட்டிச் செருகி, ஓரங்களைப் பசையால் மூடினான். தேய்த்து முடித்தபோது எந்த இடத்தில் ஒட்டியது என்று அவனுக்கே தெரியவில்லை. வாசலுக்கு மேலே மகள் கோணல்மாணலாக "வாடகைக்கு இல்லை" என்று எழுதினாள். மேஸ்திரி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலில் தலையை நீட்டியபடி உட்கார்ந்துகொண்டது. பஞ்சு அன்றே உள்ளே போய்ப் படுத்ததுதான், சாப்பாட்டுக்குத் தவிர வெளியே வரவில்லை.

அவன் வாழ்க்கையில் அந்த விடுமுறையைப் போல இன்னொன்று வரவில்லை.

மறு வருடம் மேஸ்திரி சொறிய ஆரம்பித்தது. தோள்பட்டையில் முடி உதிர்ந்து, பொருக்குப் பொருக்காகப் புண். கூண்டில் பரப்புகிற மரச்சீவலைப் புதிய கடையில் வாங்கியிருந்தான். அது உறுத்துகிறதோ என்று நினைத்து, எடுத்துவிட்டு வைக்கோல் பரப்பினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் அம்மா வீட்டுக்குத் திரும்பியபோது அவள் இடுப்பைச் சுற்றியும் முழங்கை மடிப்பிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. மகளின் அம்மா மறுநாள் போன் செய்தாள். குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டினேன். பிராணிகிட்டேர்ந்து வர்ற பூச்சிக்கடின்னு சொல்றாரு. ராத்திரி பூரா சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வந்துடுச்சு."

"எலிங்களுக்குத்தான் ஏதோ ஆயிருக்கு. பார்த்துடறேன்."

"பாருங்க. நான் குத்தம் சொல்லல. ஆனா அது சரியாகற வரைக்கும் பாப்பா அங்க வரவேணாம்."

"எத்தன நாளுன்னு..."

"பூச்சி போகட்டும். போனதும் அனுப்பறேன். இல்ல, அதுங்கள யாருக்காவது குடுத்துடுங்க, இந்த சனிக்கிழமையே அனுப்பறேன்."

பின்னாலிருந்து மகள் போனைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. "அப்பா, குடுத்துடாதீங்கப்பா. ப்ளீஸ்ப்பா. நான் சொறியாம இருக்கேன்."

"குடுக்கமாட்டேன் பாப்பா. அப்பா சரி பண்ணிடறேன்." அப்படிச் சொல்லிவிட்டான். அவன் சொன்னால் செய்கிறவன்.

அட்டைப் பெட்டியில் இரண்டையும் வைத்து மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மிருக டாக்டரிடம் போனான். நடுவயதுப் பெண்மணி, வேகமாகப் பேசுகிறவர். மேஸ்திரியைக் கழுத்தருகே தளர்வாகப் பிடித்து, முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பொருக்கின் ஓரத்தில் பிசின் டேப்பை ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். பிறகு அவனையும் பார்க்கச் சொன்னார். லென்ஸ் வழியே பார்ப்பது அவனுக்குப் புதிதல்ல. ஆனாலும் அதைக் கண்டதும் உடம்பு கூசியது. எட்டுக் கால், வயிறு நிறைய ரத்தம்.

"சிற்றுண்ணின்னு சொல்லுவோம்," என்றார் டாக்டர். "இதுல சில வகை எலியோட முடியிலேயே குடியிருக்கும். அது சுலபம். இந்த வகை அப்படியில்ல. எலி மேல ஏறும், ரத்தம் குடிக்கும், எறங்கிப் போய் இடுக்குல ஒளிஞ்சுக்கும். எலி கெடைக்கலன்னா மனுஷனைக் கடிக்கும். நீங்க வாங்கின மரச்சீவல் மூட்டையோட வந்திருக்கலாம்."

"மருந்து இருக்கா டாக்டரம்மா?"

"எலிக்கு மருந்து இருக்கு. பின்கழுத்துல சொட்டு விடறேன். ரெண்டுக்குமே விடணும், சொறியாததுக்கும் சேர்த்து. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க, முட்டையிலேர்ந்து பொரிச்சு வர்றதுக்காக. நாய்க்குப் போடற பவுடர், பூனைக்கு விடற மருந்துன்னு நீங்களா எதையாவது போட்டுடாதீங்க. இந்த ஒடம்புக்கு அது விஷம். புண்ணை மட்டும் கழுவுங்க, கொதிக்க வச்சு ஆறின தண்ணில கொஞ்சம் உப்பு. பின்னங்கால் நகத்து நுனிய மட்டும் வெட்டிவிடுங்க, சொறிஞ்சாலும் கிழிக்காது." கையைக் கழுவிக்கொண்டே தொடர்ந்தார். "ஆனா முக்கியம் வீடுதான் சார். துணியெல்லாம் கொதிக்கற தண்ணில போடுங்க. கூண்டுக் கம்பியத் தேய்ச்சுக் கழுவுங்க. அட்டை, கூடை, மரம் எதுவா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க. மரச்சாமான் ஏதாவது இருக்கா?"

அவன் அட்டைப்பெட்டியின் மூடியைச் சரிசெய்தான்.

"இல்ல," என்றான்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அன்று வீடு திரும்புகிற வரைக்கும் காது மடல் சுட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் அவன் செய்த சுத்தத்தை வேறொருவர் செய்திருக்க முடியாது. திரைச்சீலை, போர்வை, தலையணை உறை எல்லாம் கொதிநீரில் போயின. கூண்டைக் கழற்றி ஒவ்வொரு கம்பியாகப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். தரைவிரிப்பைத் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். சின்ன வீட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, கூரை, வாசல், மூலை, ஆணித்தலை என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தான். நகத்தை ஓட்டினான். ஒன்றுமில்லை. தூக்கிப் போட மனசு கேட்கவில்லை. பாப்பா வந்து, வீடு எங்கேப்பா என்று கேட்டால் என்ன சொல்வது? ஆனாலும் டாக்டர் சொன்னதை முழுக்கத் தட்டவும் முடியாமல், கூண்டுக்குள் வைக்காமல், செய்தித்தாளில் சுற்றிக் கூண்டுக்குப் பக்கத்து அலமாரியின் மேல் வைத்தான். பூச்சி போனதும் திரும்ப உள்ளே வைக்கலாம்.

இரண்டு சுவருக்கும் நடுவே அட்டை செருகியிருந்தது அவனுக்கு மறந்துபோகவில்லை. ஆனால் அதை மூடி ஒட்டியது அவன் கை. தன் கை மூடிய இடத்தில் ஒன்று நுழையும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

தினமும் வேலை முடிந்து வந்ததும் மேஸ்திரியைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொள்வான். உப்புநீரில் நனைத்த மெல்லிய துணியைப் பொருக்கின் மேல் ஒற்றி, அது ஊறித் தானாக விடும்வரை காத்திருப்பான். பிய்த்து எடுக்கமாட்டான். நகம் வெட்டும்போது வெளிச்சத்துக்கு எதிரே பாதத்தைப் பிடித்து, உள்ளே ரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு இப்பால் வெட்டுவான். மேஸ்திரி அவன் கட்டைவிரலை நக்கியபடி அசையாமல் இருக்கும். புண் ஆறியது. புதுமுடி கறுப்பாக முளைத்தது. அவன் மகளிடம் போனில் சொன்னான். "மேஸ்திரிக்குப் புதுச் சட்டை வந்தாச்சு." அவள் கைதட்டியது கேட்டது.

இரண்டாம் முறை மருந்து விட்டும் ஆயிற்று. இந்த சனிக்கிழமை என்று பேசி வைத்திருந்தபோது, அவன் மணிக்கட்டிலேயே வரிசையாக மூன்று தடிப்பு.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அவனே போன் செய்து சொன்னான்.

"நீங்க சொன்னதுக்கு நன்றி," என்றாள் பாப்பாவின் அம்மா. பிறகு, "சனி ஞாயிறுல அவளும் சும்மா இருக்கா. நீச்சல்ல சேர்த்துவிடலாம்னு பார்க்கறேன். தற்காலிகமாத்தான்," என்றாள்.

"சேர்த்துவிடு. அவளுக்குத் தண்ணின்னா பிடிக்கும்."

மறுபடி கொதிநீர், மறுபடி பிரஷ், மறுபடி டாக்டர். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், பிறகு வந்துவிடும். டாக்டர் புருவத்தைச் சுருக்கி, "எங்கேயோ ஒளிய எடம் கெடைக்குது சார், வீட்ட நல்லாப் பாருங்க," என்றார். அவன் தலையாட்டினான். அலமாரி மேலிருப்பதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் தூக்கிப் போடச் சொல்வார், அதனால் சொல்லவில்லை. சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் மகள் தினமும் போன் செய்தாள். பிறகு நீச்சல் வகுப்பில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். போனில் பேச்சு பஞ்சு, மேஸ்திரியிலிருந்து மெல்ல நகர்ந்து, மூச்சடக்குவது, குதிப்பது, சிநேகிதி வீட்டுக்குப் போவது என்று ஆயிற்று. அவன் எல்லாவற்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்றான். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

மேஸ்திரி திடகாத்திரம், தாங்கியது. பஞ்சுதான் தளர்ந்தது. இளஞ்சிவப்பாக இருக்கும் அதன் காதும் பாதமும் காகிதம் போல வெளுத்தன. ஒருநாள் மூக்கைச் சுற்றிச் சிவப்பாக வழிந்திருந்தது. ரத்தம் என்று பதறி ஓடினான். டாக்டர் துடைத்துக் காட்டினார். "இது ரத்தமில்ல. ஒடம்பு முடியலன்னா இதுங்களுக்குக் கண்ணு மூக்குல செவப்பா நீர் எறங்கும். ஆனா ரத்தம் கொறைஞ்சு போயிருக்கறது நிஜம். கடிச்சுக் குடிச்சே தீர்த்திருக்கு. சத்து மருந்து தர்றேன். பூச்சிய நிறுத்தாம இது நிக்காது."

அன்று அவன் கடைக்கு வந்து ஒரு லென்ஸை உடைத்துவிட்டான். முதலாளி அவனைத் திட்டவில்லை. அக்காவுக்குத்தான் போன் செய்தார். "உங்க தம்பிக்கு நிதானம் போயிடுச்சும்மா. என்னன்னு வந்து பாருங்க."

அக்கா லீவு போட்டுவிட்டு, ஒரு பையில் வெள்ளைப் படுக்கை விரிப்பு, இன்னொரு பையில் அகலமான பிசின் டேப்புச் சுருள்கள் சகிதம் வந்து இறங்கினாள். தம்பியைப் பார்த்ததும் பைகளை வாசலிலேயே வைத்துவிட்டாள். கன்னம் ஒட்டி, கை முழுக்கச் சொறிந்த தழும்பு.

"என்னடா இது, நீதான் எலி வளர்க்கறியா, இல்ல பூச்சி உன்னை வளர்க்குதா?"

"எல்லாம் பண்ணிட்டேன்க்கா. ஒண்ணு விடாம பண்ணிட்டேன்."

"தெரியும். நீ பண்ணினா சுத்தமாத்தான் இருக்கும். அதனாலதான் சந்தேகமா இருக்கு. லாட்ஜுல மூட்டைப்பூச்சி வந்தா நாங்க மொதல்ல சுத்தம் பண்ணமாட்டோம். எங்கேர்ந்து வருதுன்னு பார்ப்போம். தள்ளு."

அவள் கூண்டின் நான்கு கால்களைச் சுற்றியும், கட்டில் கால்களைச் சுற்றியும், மேஜை, அலமாரி, கதவு நிலை என்று தரையைத் தொடுகிற எல்லாவற்றைச் சுற்றியும், பிசின் பக்கம் வெளியே தெரிய டேப்பைச் சுற்றினாள். சுவரோரத்தில் வெள்ளை விரிப்பைப் போட்டாள். யாரும் எதையும் தொடக்கூடாது என்றாள். அன்று முழுக்க அக்காவும் தம்பியும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். அவன் பஞ்சுக்கு ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகச் சத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தான். தொடமாட்டேன் என்று சொன்னவள், அவன் கை ஓய்ந்தபோது எலியை வாங்கித் தன் முந்தானையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பார்த்தபோது கட்டில் கால் டேப் சுத்தமாக இருந்தது. மேஜை, சுத்தம். அலமாரிக் காலைச் சுற்றி, டேப்பின் மேல் விளிம்பில் மட்டும், மிளகுத்தூளைத் தூவியது போல ஒரு வளையம். மேலேயிருந்து இறங்கி வந்தவை.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். "மேல என்னடா இருக்கு?"

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவனே எடுத்தான். வெள்ளை விரிப்பின் நடுவில் வைத்து, உளியின் நுனியை ஒட்டுக்குள் நுழைத்து நெம்பினான். அவன் ஒட்டியது லேசில் விடவில்லை. உள்பலகை பிளந்து வந்தபோது, நடுவே மடிப்பு அட்டையின் குழாய்கள் ஒவ்வொன்றும் உயிரோடு அசைந்தன. ஆணி அடித்தபோது விழுந்த, மயிரிழை போன்ற ஒரு விரிசல் வழியாகப் போய் வந்திருக்கின்றன. கதகதப்பான, காற்றுப்படாத, யாரும் தொட முடியாத இடம். குழந்தை ஆசைப்பட்டாளே என்று அவன் பார்த்துப் பார்த்துச் செய்த இடம்.

"நான்தான்க்கா," என்றான். "நானே எடம் கட்டிக் குடுத்திருக்கேன்."

"சரி விடு."

"டாக்டரம்மா கேட்டாங்க. மரம் இருக்கான்னு நேராக் கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."

"விடுடா. மூட்டை கட்டு, வா."

விரிப்போடு சேர்த்துக் கட்டி, சலவைக் கடைக்காரனின் கொதிகலன் அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்கள். அடுப்பின் வாய்க்கு முன்னால் அவன் கை தயங்கியது. அக்கா மூட்டையை வாங்கி உள்ளே தள்ளினாள்.

அதற்குப் பிறகு ஒரு கடிகூட இல்லை. ஆனால் பஞ்சுக்கு அது தாமதம். மருந்தைக் குடிக்காமல் வாயோரம் வழியவிட்டது. அந்த வாரக் கடைசியில், அவன் வேலைக்குக் கிளம்பும் முன் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒருமுறை பெரிதாக மூச்சு இழுத்து அடங்கியது. உடம்பு அத்தனை லேசாக இருந்தது. டாக்டர் சொன்னபடி, உடனே எடுத்துவிடாமல், மேஸ்திரி பார்க்கட்டும் என்று பக்கத்தில் வைத்தான். மேஸ்திரி வந்து முகர்ந்தது. காதை நக்கிச் சுத்தம் செய்தது. வைக்கோலை இழுத்து இழுத்து அதன்மேல் போட்டது. அவன் அன்று கடைக்குப் போகவில்லை.

பாப்பாவின் அம்மா சொன்னபடி மகளை அனுப்பினாள். சனிக்கிழமை நீச்சல் வகுப்பு முடிந்து, ஈரத் தலையோடு, தோளில் நீலப் பையோடு வந்தாள். உயரமாகியிருந்தாள். நேராகக் கூண்டுக்குத்தான் போனாள். மேஸ்திரி கம்பியைப் பிடித்து நின்றது. அவள் உள்ளே தேடினாள்.

அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் கேட்டதை, தான் சொன்ன பொய்யை, அலமாரியை, சுவரை. எதையும் பூசி மெழுகவில்லை.

அவள் அழுதாள். பிறகு, "பஞ்சுக்கு வலிச்சுதாப்பா?" என்றாள்.

"சோர்ந்து போயிருந்துச்சு. கடைசில கைலதான் இருந்துச்சு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "அந்த வீட்டையா எடுத்து வச்சிருந்தீங்க? எதுக்குப்பா?"

"உனக்குப் பிடிக்கும்னு. நீயும் நானும் கட்டினதாச்சே."

"அது ரொம்பக் கோணலா இருக்கும்ப்பா. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எழுதினது." அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். "தூக்கிப் போட்டிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அன்று இரவு முழுதும், மறுநாள் காலையிலும் மேஸ்திரி கூண்டின் மூலைகளுக்குப் போகவில்லை. நடுவில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. வைத்த தீனி வைத்தபடி கிடந்தது. மகள் அதன் முன்னால் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"அது தனியா இருக்கக்கூடாதுப்பா."

"ஒரு துணை வாங்கலாமா?"

"அப்புறம் அதுவும் செத்துப்போகும், மறுபடி ஒண்ணு தனியா நிக்கும். டாக்டர்கிட்ட இன்னும் யாரோ எலி வளர்க்கறவங்க வருவாங்கன்னு சொன்னீங்கல்ல? அங்க விட்டுடலாம்."

குடுத்துடாதீங்கப்பா என்று போனைப் பிடுங்கிக் கெஞ்சியவள்தான். இப்போது அவள் சொன்னது சரி என்று அவனுக்கும் தெரிந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மத்தியானம் இருவருமாகப் போனார்கள். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை, கூடத்தில் அகலமான கூண்டு, மூன்று எலிகள். எடுத்த எடுப்பில் சேர்த்துவிடக்கூடாது, வாசனை பழகட்டும் என்று அவர் மேஸ்திரியைத் தனிக்கூண்டில் விட்டு, பெரிய கூண்டுக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்தார். இரண்டு கம்பி வரிசைகளுக்கும் குறுக்கே ஒரு பழுப்பு மூக்கு நீண்டது. மேஸ்திரி அசையவில்லை. பிறகு எழுந்து மெதுவாகப் போய் முகர்ந்தது.

"நகத்து நுனி மட்டும் வெட்டணும்," என்றான் அவன் ஆசிரியையிடம். "வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா உள்ள இருக்கற ரத்தக்குழாய் தெரியும். கட்டைவிரலைக் குடுத்தா நக்கிட்டே இருக்கும், ஆடாது." காலி அட்டைப்பெட்டியை எடுத்து மூடினான்.

"நான் பார்த்துக்கறேன் தம்பி," என்றார் அவர்.

மகளை அவள் அம்மா வீட்டில் விட பஸ் ஏறினார்கள். காலி அட்டைப்பெட்டியை அவன் மடியில் வைத்திருந்தான். அவள் ஜன்னல் பக்கம். இத்தனை மாதம் எதற்காகப் போராடினானோ அது நடந்தாயிற்று. அவள் வரத் தடையில்லை. ஆனால் அவள் வருவதற்கு அந்த இரண்டு அறைகளில் இனி என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"அடுத்த சனிக்கிழமை வர்றியா பாப்பா?"

"போட்டி வருதுப்பா. இனிமே சனி ஞாயிறு ரெண்டு நாளும் வகுப்பு வைக்கறாங்க."

"சரி. அப்ப அதுக்கு அடுத்த வாரம்..."

"ஆறு மாசம் அப்படித்தான்னு மாஸ்டர் சொன்னாரு."

பஸ் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். ஒரு பெரியவருக்கு இடம் கொடுக்க அவன் எழுந்து, மகளுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். அவள் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க அங்க வாங்களேன்ப்பா. குளத்துக்குப் பக்கத்துல பெஞ்சு போட்டிருக்காங்க. எல்லா அப்பாவும் அங்க உக்காந்திருப்பாங்க. பேசவெல்லாம் முடியாது, சத்தம் போட்டா மாஸ்டர் திட்டுவாரு. சும்மா பார்க்கலாம்."

"வெளி ஆளுங்க வந்து உக்காரலாமா? பாஸ் எதுவும் வேணாமா?"

"நீங்க எங்கப்பாதானே? வந்து உக்காருங்க."

"எத்தன மணிக்கு ஆரம்பிக்கும்?" என்று கேட்டான் அவன். அவள் சொன்னாள். பஸ் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று குனிந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.